காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்: யார் எண்ணுவது, எங்கே வைப்பது?

வாசகர் ஒருவர் கேட்டது: "டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். குடித்தவன் எவன் பத்து ரூபாய்க்காகத் திரும்பி வரப்போகிறான்? வெளிநாட்டில் மெஷின் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, அங்கே நடக்கும். நம் ஊரில் நடக்காது. சரிதானே?"

5 அக்டோபர் 2025

சரியில்லை. திரும்பி வருகிறார்கள். நீலகிரியில் 2022 மே 15 முதல் இது நடக்கிறது. காட்டில் வீசும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வன வழக்குகளை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வு கண்டித்த பிறகுதான் திட்டமே பிறந்தது. விற்கிற பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர், விலைக்கு மேல் பத்து ரூபாய் டெபாசிட், காலியைக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கைக்கு வந்துவிடும். ஆரம்பத்தில் பாதிக்கு மேல் வந்தது. பிற்பாடு பத்தில் ஒன்பதுக்கு மேல் வருகிறது என்று நீதிமன்றத்திலேயே கணக்குச் சொன்னார்கள்.

ஆக, குடிக்கிறவர் கொண்டு வருவாரா என்பது தீர்ந்துபோன கேள்வி. கொண்டு வந்த பாட்டிலை வாங்கி எண்ணி, எங்கே வைப்பது? அதற்கு ஆள் யார், அந்த ஆளுக்குக் கூலி யார் தருவது? மாட்டிக்கொண்டு நிற்பது அங்கேதான்.

5 அக்டோபர், இரவு

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கேட்கிறார். எங்கள் நிலம் கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து குடிப்பார்கள். குவாட்டர் பாட்டிலைக் கல்லில் அடித்தால் கழுத்து தெறித்துப் போகும். அடிப்பாகம் மட்டும் வட்டமாக, விளிம்பு மேலே பார்த்தபடி மண்ணில் நிற்கும். ஒரு மழை பெய்தால் வண்டல் மூடிவிடும், கண்ணுக்குத் தெரியாது. களை எடுக்க வந்த ஒரு அம்மாவுக்கு உள்ளங்கால் நடுவில் இறங்கி, தையல் போட்டு, ஒரு மாதம் வேலைக்கு வர முடியாமல் போனது. அதே மேட்டு வழியாகத்தான் யானையும் வரும். அதன் பாதம் மெத்தென்று இருக்கும். உள்ளே போன சில்லு தானாக வெளியே வராது, சீழ் பிடிக்கும். நமக்காவது தையல் போட ஆஸ்பத்திரி இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். கலர், சோடா எல்லாம் கண்ணாடி பாட்டில் காலம். அதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

6 அக்டோபர்

டெபாசிட் என்பது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்காக. மரப்பெட்டியில் 24 கலர் பாட்டில் வரும். காலி 24 கொடுத்தால்தான் நிறைந்த 24 இறக்குவார்கள். பாட்டிலுக்கும் பெட்டிக்கும் சேர்த்து அப்பா முன்பணம் கட்டியிருந்தார். கடையில் நின்று குடிப்பவரிடம் டெபாசிட் கேட்பதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனால் தெரிந்தவருக்கு நோட்டில் பெயர், தெரியாதவருக்குப் பாட்டில் காசு. இதற்குச் சட்டமும் கிடையாது, ஸ்டிக்கரும் கிடையாது.

வேலை இல்லாமல் இது நடந்துவிடவில்லை. பாட்டிலுக்குள் ஸ்ட்ரா கிடக்கும், பீடித் துண்டு கிடக்கும், எறும்பு மொய்க்கும். வேன்காரர் ஒவ்வொரு பாட்டில் வாயிலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். விளிம்பு துளி சில்லு விட்டிருந்தாலும் "வாய் போச்சு" என்று ஓரமாக வைத்துவிடுவார். அந்த நட்டம் கடைக்காரருக்கு. சாயங்காலம் காலி பாட்டில்களைக் கவிழ்த்து, உதறி, வகை பிரித்துப் பெட்டியில் அடுக்குவது பிள்ளைகளான எங்கள் வேலை. கூலி ஒரு கலர். அதுவும் தினமும் கிடைக்காது.

அந்த முறை ஒழிந்ததற்கு மக்கள் கெட்டுப்போனதுதான் காரணம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பெட் பாட்டில், அதாவது தூக்கி எறியும் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. கம்பெனிக்குத் திரும்ப எடுக்கும் செலவு இல்லை, கடைக்காரருக்கு அடுக்கும் வேலை இல்லை, வாங்குகிறவருக்கு டெபாசிட் இல்லை. மூவரும் தப்பித்தார்கள். சுமை ஊர்ச் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போனது.

8 அக்டோபர்

"பத்து ரூபாய் வாங்கித் திருப்பித் தருவதில் என்ன கஷ்டம், ஊழியர்கள் ஏன் போராடுகிறார்கள்" என்று கேட்டவருக்கு ஒரு கணக்கு. ஒரு கடையில் நாளைக்கு ஆயிரம் குவாட்டர் விற்பதாக வைத்துக்கொள்வோம். குவாட்டர் பெட்டியில் 48 பாட்டில். ஆயிரம் காலி என்றால் ஏறக்குறைய 21 பெட்டி. காலியானாலும் பாட்டில் அடைக்கிற இடம் குறைவதில்லை. முன்பெல்லாம் சரக்கு விற்க விற்கக் கடையில் இடம் காலியாகும். இப்போது விற்ற இடத்தில் காலி பாட்டில் வந்து உட்காருகிறது. இரண்டு நாள் லாரி வரவில்லையென்றால் கதவு வரைக்கும் பாட்டில்தான். பீர் இன்னும் மோசம், பெட்டிக்குப் பன்னிரண்டுதான் பிடிக்கும்.

இதற்கு மேல் ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்டிக்கரைக் கையால் ஒட்ட வேண்டும். கல்லாவில் டெபாசிட் பணத்தைத் தனியாக வைத்துத் தனிக் கணக்கு எழுத வேண்டும். கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10. வாங்க வருபவரும் திருப்பித் தர வருபவரும் ஒரே கம்பி ஜன்னலில் முண்டுகிறார்கள், அதுவும் சாயங்காலம் ஒரே நேரத்தில். ஊழியர் சங்கங்கள் இடம் கொடு, ஆள் கொடு என்று வெளிப்படையாகக் கேட்டன. 2025-ல் திட்டம் மேலும் மாவட்டங்களுக்குப் போனபோதும் அதையேதான் கேட்டன. அது சோம்பேறித்தனம் இல்லை. மாநிலத்தில் சுமார் 4,800 கடை. பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்த சிறு கட்டடங்கள். காலி பாட்டிலை மனதில் வைத்து யாரும் அவற்றைக் கட்டவில்லை.

8 அக்டோபர், சற்று நேரம் கழித்து

பார்களை விட்டுவிட்டேன். பார் உரிமம் எடுப்பவர் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டிலைச் சேகரிக்கவும் சேர்த்துத்தான் ஏலத்தொகை கட்டுகிறார். காலி அவருக்கு வருமானம். பழைய பாட்டில் வியாபாரிக்குப் போய், கழுவப்பட்டு, ஒரு பகுதி மறுபடி ஆலைக்கே போய்ச் சேரும். ஆக, குப்பை என்று நாம் சொல்வதற்கு ஏற்கெனவே ஒரு சந்தை இருந்தது. அதன் மேல் பத்து ரூபாய் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பாட்டில் யாருடையது என்ற சண்டை தொடங்குகிறது. பாரில் குடித்துவிட்டு எழுந்து போகிறவரின் டெபாசிட் அவருக்கா, மேசை துடைக்கும் பையனுக்கா, உரிமக்காரருக்கா? இதற்கு ஒப்பந்தத்திலேயே பதில் எழுதி வைக்க வேண்டும்.

12 அக்டோபர்

ஜெர்மனி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அண்ணன் மகன் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். அவனிடம் போயிருந்தபோது எனக்கு மிகவும் பிடித்த இடம் சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்க மூலை. சுவரில் ஒரு வட்ட ஓட்டை. பாட்டிலைப் படுக்க வைத்தால் உள்ளே உருட்டிக்கொண்டு பார்கோடைத் தேடும், கிடைத்ததும் விழுங்கும், உள்ளே நசுங்குகிற சத்தம் கேட்கும். கீழே பெரிய வாய் ஒன்று, அதில் பீர் பெட்டியை அப்படியே தள்ளலாம். கடைசியில் ஒரு சீட்டு வரும். பில் போடும்போது கழித்துக்கொள்வார்கள். பெட் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். திரும்பக் கழுவி நிரப்பும் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்.

ஒரு முறை முன்னால் நின்ற பெரியவர் இரண்டு பை நிறையப் போட்டார். அதில் சிலவற்றை மெஷின் திருப்பித் துப்பியது, லேபிள் கிழிந்திருந்தது. அவர் ஒவ்வொன்றையும் நீவி நீவி மறுபடி வைத்துப் பார்த்தார். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை.

13 அக்டோபர்

"அது ஒழுங்கான நாடு" என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்கு முதல் நாளே வந்துவிடவில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பாட்டிலுக்கு டெபாசிட் என்பது அங்கே 2003 ஜனவரி 1-ல் வந்தது. யூர்கன் ட்ரிட்டின் சுற்றுச்சூழல் அமைச்சர். வணிக நிறுவனங்கள் நீதிமன்றம் வரை போய்த் தடுக்கப் பார்த்தன. ஆரம்பத்தில் பொதுவான வசூல் அமைப்பே இல்லை. ஆல்டி, லிடில் மாதிரி மலிவு விலைக் கடைகள் தங்களுக்கென்று தனி வடிவில் பாட்டில் செய்து, எங்கள் பாட்டிலை மட்டும்தான் வாங்குவோம் என்றன. மக்கள் எந்தப் பாட்டிலை எந்தக் கடையில் கொடுப்பது என்று அலைந்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் இழுத்து, 2006 மே மாதம்தான் அந்த வகைப் பாட்டிலை விற்கும் எந்தக் கடையும் வாங்கியாக வேண்டும் என்று ஆனது. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திரும்புகிறது.

நமக்கும் இது பொருந்தும். எந்தக் கடையில் வாங்கினாலும் எந்தக் கடையிலும் கொடுக்கலாம் என்று இருந்தால்தான் பாட்டில் திரும்பும். ஊட்டிக்குச் சுற்றுலா வந்தவர் வாங்கிய கடையைத் தேடி மலையேறிப் போக மாட்டார்.

13 அக்டோபர்

ஸ்காட்லாந்தைப் பற்றி எழுதியவருக்கு: ஆமாம், அங்கே தொடங்குவதற்கு முன்பே முடங்கிவிட்டது. கண்ணாடியைச் சேர்க்கலாமா கூடாதா என்று எடின்பரோ அரசுக்கும் லண்டன் அரசுக்கும் 2023-ல் வந்த தகராறு. நடத்துவதற்கென்றே அமைத்த நிறுவனம் திவாலானது.

19 அக்டோபர்

பத்து ரூபாய் போதுமா? இன்றைக்குப் போதும். ஆனால் தொகையை ஒருமுறை வைத்துவிட்டு மறந்தால் திட்டம் உள்ளுக்குள்ளேயே செத்துவிடும். அமெரிக்காவில் முதன்முதலில் பாட்டில் சட்டம் கொண்டு வந்த மாநிலம் ஓரிகன், 1971. டெபாசிட் 5 சென்ட். அன்றைக்கு அது காசு. நாற்பது வருடம் கழித்து யாரும் குனிந்து எடுக்காத காசு. திரும்பும் விகிதம் இரண்டு வருடம் தொடர்ந்து 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தொகையை இரட்டிப்பாக்க வேண்டும் என்று 2011-ல் சட்டத்திலேயே எழுதினார்கள். அப்படியே நடந்தது, 2017 ஏப்ரலில் 10 சென்ட் ஆனது, விகிதம் மறுபடி ஏறியது. எனக்குப் பிடித்தது அந்த வரிதான். யாரும் போராடவோ வழக்குப் போடவோ வேண்டியதில்லை.

ஜெர்மனியின் 8 சென்ட் பாட்டிலிலும் இதே தொல்லை. 2022-ல் எரிவாயு விலை ஏறிப் புதுக் கண்ணாடி கிடைக்காமல், வீட்டில் கிடக்கும் காலிகளைத் தயவுசெய்து கொண்டு வாருங்கள் என்று பீர் ஆலைகள் கெஞ்சின. புதுப் பாட்டில் அடக்க விலைக்கு 8 சென்ட் கிட்டவே வராது. வீட்டு நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தாலும் யாருக்கும் அவசரம் இல்லை.

22 அக்டோபர்

தீபாவளிக்கு மறுநாள் வாய்க்கால் மேட்டைச் சுற்றி வந்தேன். கிடந்தவற்றில் முழுப் பாட்டில் குறைவு, உடைந்ததுதான் அதிகம். முழுசாகக் கிடந்ததை யாரோ விடியும் முன்பே எடுத்துப் போயிருக்கிறார்கள். பத்து ரூபாய் வந்த பிறகு கண்ணால் பார்க்கும் வித்தியாசம் இது.

23 அக்டோபர்

"யாரோ" என்று நேற்று எழுதினேன். அவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாக்கு தூக்கிக்கொண்டு விடியற்காலையில் நடப்பவர்கள். முன்பு இவர்கள் எடுத்த காலி பாட்டிலுக்குப் பழைய பாட்டில் கடையில் சில்லறைதான் கிடைக்கும். இப்போது அதே பாட்டிலுக்குப் பத்து ரூபாய். ஜெர்மனியிலும் பாட்டில் பொறுக்குபவர்கள் உண்டு. குப்பைத் தொட்டிக்குள் கை விட வேண்டாமே என்று பலர் பாட்டிலைத் தொட்டியின் பக்கத்தில் வெளியே வைத்துவிட்டுப் போகிறார்கள். பார்க்க மனதுக்கு இதமாக இருந்தது.

ஆனால் முழுக்க நல்ல செய்தி என்று எழுத மனம் வரவில்லை. குடிப்பவரே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் பொறுக்குபவரின் சாக்கு காலி. சாக்கோடு போய் நூறு பாட்டிலை ஜன்னலில் நீட்டினால், கூட்ட நேரத்தில் விரட்டாமல் வாங்குவார்களா? ஸ்டிக்கர் உரிந்த பாட்டிலுக்கு என்ன கிடைக்கும்? இவர்களுக்காகக் காலை 10 முதல் 12 வரை, மது விற்காத நேரத்தில், திருப்பி வாங்க மட்டும் தனி ஜன்னல் திறக்கலாம். எண்ணுவதற்கும் ஒரு ஆளைத் தனியாகப் போட வேண்டும். அந்த வேலையைப் பாட்டில் பொறுக்கும் பெண்களில் ஒருவருக்கே கொடுக்கலாம்; பாட்டிலைப் பார்த்த மாத்திரத்தில் நல்லதா, வாய் போனதா என்று அவர்களுக்குத் தெரியும்.

26 அக்டோபர்

திரும்பாத பாட்டிலின் பத்து ரூபாய் யாருக்கு? இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் உரக்கக் கேட்க வேண்டும். விற்பவருக்கே அந்தப் பணம் போகுமானால், பாட்டில் திரும்பாமல் இருப்பதில் அவருக்கு லாபம். ஜெர்மனியில் அப்படித்தான், விற்பனைக்கு விட்டவரிடமே தங்குகிறது. மிச்சிகன் மாநிலத்தில் முக்கால் பங்கு சுற்றுச்சூழல் வேலைகளுக்கான அரசு நிதிக்கும், கால் பங்கு பாட்டில் வாங்கி வைக்கும் கடைகளுக்கும் போகிறது. நார்வேயில் பானப் பாட்டிலுக்குச் சுற்றுச்சூழல் வரி உண்டு. எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்கு வரி குறையும், 95 சதவீதம் தாண்டினால் வரியே இல்லை. அதனால் கம்பெனியே ஓடி ஓடிச் சேகரிக்கிறது. கடைகளுக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் கையாளும் கூலியும் உண்டு.

என்னைக் கேட்டால் திரும்பாத பணத்தில் ஒரு பகுதி கடை ஊழியர்களுக்குக் கையாளும் கூலியாகப் போக வேண்டும், மீதி பாட்டில் விழும் ஊராட்சிக்கு வர வேண்டும். பணம் எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது என்பதை மாவட்ட வாரியாக மாதா மாதம் வெளியிட வேண்டும். ஏற்கெனவே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள் என்ற புகார் ஊர் ஊராக ஓடுகிற மாநிலம் இது. டெபாசிட் பத்து எது, அந்தப் பத்து எது என்று ஜனங்களுக்குப் பிரித்துத் தெரியாவிட்டால் நல்ல திட்டமும் கெட்ட பெயர் எடுத்துவிடும்.

27 அக்டோபர்

கலிபோர்னியாவைச் சொன்னவர் சரியான இடத்தைத் தொட்டார். அங்கே கடைகளை விட்டுவிட்டுத் தனி மையங்களை நம்பினார்கள். பழைய அலுமினியம், பிளாஸ்டிக் விலை விழுந்ததும் மையங்கள் நட்டத்தில் ஓடின. 2019 ஆகஸ்டில் ரீபிளானெட் என்ற நிறுவனம் தன் 284 மையங்களையும் ஒரே நாளில் மூடியது. மக்கள் டெபாசிட் கட்டிக்கொண்டே இருந்தார்கள், திருப்பிக் கொடுக்க இடம் இல்லை. சேகரிப்பவரின் வருமானத்தைப் பழைய சாமான் விலையோடு கட்டிப் போடக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2 நவம்பர்

நாகப்பட்டினத்திலிருந்து எழுதியவர் கேட்டது அருமையான கேள்வி: பக்கத்தில் காரைக்கால். அங்கே வாங்கிய பாட்டிலை இங்கே கொண்டு வந்து பத்து ரூபாய் கேட்டால்? அதற்குத்தான் ஸ்டிக்கர். டெபாசிட் கட்டாத பாட்டிலுக்குப் பணம் கொடுத்தால் கல்லா தாங்காது. பத்து சென்ட் கொடுக்கும் மிச்சிகனுக்குப் பக்கத்து மாநிலங்களிலிருந்து லாரியில் கேன் கடத்தி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

ஆனால் காகித ஸ்டிக்கர் ஐஸ் தண்ணீரில் ஊறினால் நழுவிவிடும், பீர் பாட்டிலில் முக்கியமாக. உரிய பணத்தைக் கட்டியவர் வெறுங்கையோடு போவார். கடையில் கையால் ஒட்டும் வேலையை விட்டுவிட்டு, ஆலையிலேயே லேபிளோடு சேர்த்துக் குறியீட்டை அச்சடித்து அனுப்பினால் இரண்டு தொல்லையும் போகும்.

கேரளத்திலும் 2025 செப்டம்பரில் ஆரம்பித்திருக்கிறார்கள். திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் சோதனையாக; டெபாசிட் 20 ரூபாய், பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் சேர்த்து. எண்ணி வாங்கும் வேலையில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் குழுக்களின் பெண்களைச் சேர்த்திருக்கிறார்கள். கடை ஊழியர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டாமல் இருந்தது நல்ல யோசனை. இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

3 நவம்பர்

"டெட்ரா பேக்கில் விற்றால் இந்தத் தலைவலியே இல்லையே." 2023-ல் அமைச்சர் முத்துசாமி அந்தப் பேச்சை எடுத்தார். காலைக் கிழிக்காது, உண்மை. ஆனால் அது காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் ஒட்டிய பொருள். பிரிக்கத் தனி ஆலை வேண்டும். எடுத்து விற்றால் காசு வராது என்பதால் சாக்குக்காரரும் தொட மாட்டார். கண்ணாடி அப்படி இல்லை. கழுவினால் பாட்டில், உருக்கினாலும் பாட்டில்.

9 நவம்பர்

கடைசியாக வந்த கேள்வி: உடைந்த பாட்டிலுக்கு என்ன வழி? இப்போதைக்கு வழி இல்லை. ஸ்டிக்கரோடு முழுசாக இருந்தால்தான் பணம். எங்கள் மேட்டில் காலைக் கிழிப்பதோ முழுப் பாட்டில் இல்லை.

உடைந்த கண்ணாடிக்கு உலையில் மதிப்பு உண்டு. பத்து சதவீதம் பழைய கண்ணாடியைக் கலந்தால் எரிபொருள் செலவு இரண்டரை, மூன்று சதவீதம் குறையும். நிறம் பிரித்துக் கொடுக்க வேண்டும், பழுப்பு தனி, பச்சை தனி, வெள்ளை தனி. நடுவில் கல்லோ பீங்கானோ கலந்தால் போச்சு. ஆகவே எடை போட்டு வாங்கலாம். நான் சொல்வது இதுதான்: காட்டோரமும் ஆற்றோரமும் உள்ள ஊராட்சிகளில் தகர டிரம் மூன்று, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று. திரும்பாத டெபாசிட் பணத்திலிருந்து கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு என்பதை மேலே உட்கார்ந்து நிர்ணயிக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ சில்லு பொறுக்க முடியும், கையுறை எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் தூய்மைக் காவலர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் கேட்டு முடிவு செய்யட்டும். எங்கள் ஊராட்சியில் அடுத்த கிராம சபையில் இதை மனுவாகக் கொடுக்கிறேன். உங்கள் ஊரிலும் கொடுப்பதாக இருந்தால், கடையிலிருந்து எத்தனை தூரம் வரை சில்லு கிடக்கிறது என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.